ஆய்வுத் தலைப்பும் எல்லை வரையறையும்

ஆய்வு என்பது தேடல். எதைத் தேடுகிறோம் என்பதும் எங்கே தேடுகிறோம் என்பதும் தெளிவாக இருந்தால்தான் தேடுகின்றவன் கைக்கு ஏதேனும் கிட்டும். இவ்விரண்டையும் ஒரு வரியில் உரைப்பதே ஆய்வுத் தலைப்பு. எனவே, தலைப்பை நூலின் முகப்பில் எழுதும் அழகுத் தொடர் என்று எண்ணுதல் தவறு. அஃது ஆய்வாளன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் கட்டளை. அக்கட்டளை அவனுடைய ஆற்றலுக்கும், அவனுக்குக் கிடைத்த காலத்துக்கும், அவன் கைக்கு எட்டும் சான்றுகளுக்கும் பொருந்துவதாக இருத்தல் வேண்டும்.

ஆசிரியர் பயிற்சி பெறுவோரும், பணியில் இருந்துகொண்டே பட்டம் பயிலும் ஆசிரியர்களும் எழுதும் ஆய்வேடுகளைப் படிக்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிட்டுகின்றது. செய்முறைப் பயிற்சிக்காக எம் பள்ளிக்கு வருவோர், அச்சிட்டுக் கட்டிய ஏட்டை அன்புடன் கொண்டுவந்து தருவர். அவற்றைப் படிக்கும்போது மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே தோன்றும். தமிழில் ஆய்வு செய்யும் இளையோர் இன்றும் இந்நாட்டில் இருக்கின்றனர் என்பது மகிழ்ச்சி. அவர்தம் உழைப்பில் பெரும்பகுதி வீணாகிறதே என்பது கவலை. அவ்வீணுக்குக் காரணம் சோம்பலன்று, அறிவுக் குறைவுமன்று. பெரும்பாலும் தலைப்பின் அளவே காரணம். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விரிந்த தலைப்பின் கேடு

'மலேசியத் தமிழ் நாவல்களில் சமுதாயப் பார்வை', 'மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் பெண்கள்', 'மலேசியத் தமிழ்க் கவிதைகளின் வளர்ச்சி' என்றாற்போன்ற தலைப்புகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கேட்பதற்கு இவை கம்பீரமாக உள்ளன. ஆனால், ஏட்டைத் திறந்தால் நிகழ்வது என்ன?

முதல் இயல் தமிழர் குடியேற்ற வரலாறு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டதும், கங்காணி வழியாக ஆள்சேர்க்கும் முறை 1938இல் இந்திய அரசின் தடையால் முடிவுற்றதும் அதில் இடம்பெறும். இரண்டாம் இயல் இலக்கிய வரலாறு. 1887இல் சி. கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் தொடங்கிய 'சிங்கை நேசன்', 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்', 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியவை வரிசையாக வந்துபோகும். இச்செய்திகள் உண்மையானவை, மாணவர் அறிந்திருக்க வேண்டியவை. ஆயினும், இவற்றை முன்னோர் எழுதிவிட்டனர். அவர் நூல்களிலிருந்து எடுத்து, சொற்களைச் சற்று மாற்றி அடுக்குவதிலேயே ஏட்டின் பாதி கழிந்துவிடுகிறது. மூன்றாம் இயலில்தான் ஆய்வாளர் தம் பொருளுக்கு வருகிறார். அதற்குள் காலம் தீர்ந்துவிடுகிறது. எட்டு நாவல்களுக்குக் கதைச்சுருக்கம் எழுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு காட்சிகளைச் சுட்டி, 'இவ்வாறு மலேசியத் தமிழ் நாவலாசிரியர்கள் சமுதாயத்தைப் படம்பிடித்துக் காட்டியுள்ளனர்' என்று முடித்துவிடுகிறார்.

இத்தகைய முடிவுரையை நாவல் ஒன்றைக்கூடப் படிக்காமலே எழுதிவிடலாம். இதுவே விரிந்த தலைப்பின் முதற்கேடு. இரண்டாவது கேடு இதனினும் பெரிது. விரிந்த தலைப்பு, மூலச் சான்றைத் தேடும் கடமையிலிருந்து ஆய்வாளனை விடுவித்துவிடுகிறது. 'மலேசியத் தமிழ்ச் சிறுகதைகள்' என்று தலைப்பிட்டவன் பழைய நாளிதழ்களின் ஞாயிறு மலர்களைப் புரட்ட மாட்டான். நூலாக வெளிவந்த ஐந்தாறு தொகுப்புகளே அவனுக்குப் போதும். '1950-51இல் தமிழ் நேசனில் நடைபெற்ற கதை வகுப்பு' என்று தலைப்பிட்டவனோ அந்த இதழ்களைத் தேடாமல் ஒரு பக்கமும் எழுத முடியாது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அவ்வகுப்பில் எவற்றைக் கற்பித்தனர், வகுப்பில் பயின்றோர் எழுதிய கதைகளில் அப்பாடங்களின் சாயல் உண்டா என்று அவன் தேடியே ஆகவேண்டும். சிறிய தலைப்பு அவனை நூலகத்துக்கு அனுப்புகிறது. பெரிய தலைப்பு வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது.

நான் செய்த பிழை

பிறரைக் குறை கூறுமுன் என் குறையைச் சொல்லிவிடுவது முறை. பல ஆண்டுகளுக்கு முன்னர், பணியிலிருந்துகொண்டே பட்டம் பயின்ற காலத்தில், 'மலேசியத் தமிழ் நாவல்களில் தோட்டப்புற வாழ்க்கை' என்று நானும் ஓர் ஆய்வேடு எழுதினேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்னும் துணிவு எனக்கு. தலைப்பைக் கண்ட விரிவுரையாளர், "இதில் எந்தத் தோட்டம்? எந்தக் காலம்?" என்று கேட்டார். "எல்லாந்தான் ஐயா" என்றேன். அவர் மேலும் வற்புறுத்தவில்லை. நூற்று முப்பது பக்கங்கள் எழுதினேன். வாய்மொழித் தேர்வின்போது அவர் ஏட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "இதில் உங்களுடைய பக்கம் எது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தேர்ச்சி கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. அக்கேள்வி மட்டும் இன்னும் என்னை விட்டபாடில்லை.

அதே காலத்தில் எங்கள் பழைய தோட்டத்து லயத்தில் முதியவர் ஒருவர் வாழ்ந்துவந்தார். பிள்ளைகள் அவரைச் 'சயாம் தாத்தா' என்று அழைப்பர். சப்பானியர் ஆட்சியில் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிருடன் மீண்ட சிலருள் அவர் ஒருவர். என் ஆய்வேட்டில் சப்பானியர் காலம் இரண்டு பத்திகளில் முடிந்துபோயிற்று. அந்த இரண்டு பத்திகளும் நூல்களிலிருந்து எடுத்தவை. அரைமணி நேரப் பயணத் தொலைவில் இருந்த சயாம் தாத்தாவிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. என் தலைப்புக்கு அவர் தேவைப்படவில்லை. ஏடு கட்டி முடிந்த அதே ஆண்டில் அவர் காலமானார். துக்க வீட்டில் அவருடைய மகள், "அப்பா எவ்வளவோ சொல்லுவாரு, யாருதான் எழுதி வெச்சீங்க?" என்று என்னைப் பார்த்துப் பொதுவாகத்தான் சொன்னார். அவர் என்னைக் குறித்துச் சொல்லவில்லை. நான் அவ்வாறு எடுத்துக்கொண்டேன்.

தலைப்பின் அளவு ஏதோ தேர்வு நுணுக்கம் என்று எண்ணுவோர் இதனைச் சற்றே நினைத்துப் பார்த்தல் வேண்டும். எதைக் கேட்கவேண்டும் என்பதைத் தலைப்பு தீர்மானிக்கிறது. கேட்கத் தவறியதைப் பிறகு கேட்க இயலாமற் போகலாம்.

நம் மரபு காட்டும் நெறி

தலைப்பை வரையறுத்தல் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நமக்குக் கற்பித்த புதுமை என்று சிலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. நன்னூலார் பாயிரத்தில் நூலுக்குரிய இலக்கணங்களை வகுத்துள்ளார். சிறப்புப் பாயிரம் தெரிவிக்கவேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயர், நூற்பெயர் ஆகியவற்றோடு எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பனவும் உள்ளன. அங்கே எல்லை என்றது நூல் வழங்கும் நிலப்பரப்பை. ஆயினும், ஒரு நூல் எங்கே நிற்கிறது, எதைப் பற்றிப் பேசுகிறது, யாருக்காகப் பேசுகிறது என்பவற்றை முகப்பிலேயே சொல்லிவிடல் வேண்டும் என்னும் கொள்கை அதில் வெளிப்படையாக உள்ளது. இன்று ஆய்வேட்டின் முதல் இயலில் நாம் எழுதும் ஆய்வு எல்லை, ஆய்வு நோக்கம், ஆய்வுப் பயன் என்னும் பகுதிகளுக்கு இக்கொள்கை அயலன்று.

நூலுக்குரிய குற்றங்கள் பத்தினையும் நன்னூல் கூறும். அவற்றுட் சில, தலைப்பின் அளவு பொருந்தாமையால் விளைவன. தலைப்பு பெரிதாகி உழைப்பு சிறிதானால் குன்றக் கூறல் நேர்கிறது. தலைப்பு சிறிதாகிப் பக்க எண்ணிக்கையை நிரப்ப வேண்டியிருந்தால் மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் நேர்கின்றன. குடியேற்ற வரலாற்றிலேயே பாதி ஏட்டைச் செலவிடுவது மற்றொன்று விரித்தல். வீறுடன் தொடங்கி முடிவில் சோர்ந்து விழுவது சென்று தேய்ந்து இறுதல். மாணவர்கள் இவற்றைத் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். எழுதி முடித்த தம் ஏட்டின்மீது வைத்துப் பார்ப்பவர் அரியர்.

மற்றொரு வழிகாட்டலும் நம் பொருளிலக்கணத்தில் உண்டு. அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தனர் முன்னோர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய உயிர்களும் பொருள்களும் கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். ஆய்வுத் தலைப்பையும் இவ்வாறே நோக்கலாம் என்பது என் கருத்து. எந்த இடம், எந்தக் காலம் என்பன ஆய்வின் முதற்பொருள். எந்த நூல்கள், எந்த இதழ்கள், யாருடைய வாய்மொழி என்பன அதன் கருப்பொருள். என்ன கேள்வி என்பது உரிப்பொருள். நாம் மேலே கண்ட தலைப்புகளில் கருப்பொருள் மட்டுமே மலைபோல் குவிந்துள்ளது. நிலமும் இல்லை, பொழுதும் இல்லை, உரியும் இல்லை. உரிப்பொருள் இல்லாத அகப்பாட்டை எவரேனும் பாடுவரா?

ஓர் எடுத்துக்காட்டு

அண்மையில் பயிற்சி ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். 'மலேசியத் தமிழ் நாவல்களில் வரலாறு' என்று தலைப்பு வைத்திருந்தார். "ஐயா, தலைப்பு பெரியதாக இருக்கிறது, சுருக்கிக்கொண்டு வா என்கிறார்கள். எப்படிச் சுருக்குவதென்றுதான் தெரியவில்லை" என்றார். 'சுருக்கு' என்று சொல்வது எளிது. சுருக்கும் முறையைக் காட்டுவதே ஆசிரியர் கடமை. அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து செய்ததை இங்குத் தருகின்றேன்.

முதலில், 'எந்த வரலாறு?' என்று கேட்டோம். குடியேற்றம், சப்பானியர் ஆட்சி, விடுதலை, தோட்டத் துண்டாடல், குடியுரிமைச் சிக்கல் எனப் பட்டியல் நீண்டது. இவற்றுள் உமக்கு நெருக்கமானது எது என்றேன். தம் கொள்ளுப்பாட்டனார் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்று அவ்வாசிரியை கூறினார். பொருள் அங்கேயே அகப்பட்டுவிட்டது.

இரண்டாவதாக, பொழுதை வரையறுத்தோம். சப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது 1941 டிசம்பரில். சயாம்-பர்மா இருப்புப்பாதை வேலை 1942இல் தொடங்கி, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. சப்பானியர் ஆட்சி முழுவதும் தேவையில்லை. இருப்புப்பாதையே போதும் என்று முடிவு செய்தோம்.

மூன்றாவதாக, கருப்பொருளைத் தேர்ந்தோம். இந்நிகழ்ச்சியை மையமாகக் கொண்ட நாவல்களுள் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' 1993இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்' 2005இல் வெளிவந்தது. ஒரே பெருந்துயரைப் பற்றி இருவர், பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் எழுதியவை. ஒப்பிடுவதற்கு இதனினும் ஏற்றது வேறென்ன வேண்டும்? எட்டு நாவல்கள் இரண்டாயின.

இந்நிலையில் ஆசிரியை மகிழ்ந்து, 'மரண இரயில் நாவல்கள் – ஓர் ஒப்பீடு' என்று எழுதிக்கொண்டார். 'தலைப்பு சுருங்கிவிட்டது, ஐயா' என்றார். சுருங்கியது உண்மை. ஆனால், கேள்வி பிறக்கவில்லை. பலர் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர். எல்லையைக் குறுக்கியதும் ஆய்வு பிறந்துவிட்டதாக எண்ணுகின்றனர். வேலி போட்டதனாலேயே நிலம் விளைந்துவிடாது; உழவேண்டும்.

ஆகவே, நான்காவதாக, உரிப்பொருளைத் தேடினோம். வரலாற்றைப் பார்த்தால், தோட்ட மக்கள் சயாமுக்குப் போன வழி ஒன்றன்று. போர் வந்ததும் இரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்வெட்டு குறைந்தது, கூலி குறைந்தது, அரிசி அரிதாயிற்று. அந்த வறுமையில், நல்ல கூலி தருவோம், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்னும் உறுதிமொழியை நம்பிச் சிலர் தாமே சென்றனர். சென்றவர் திரும்பாததை அறிந்து மக்கள் தயங்கிய பின்னர், வற்புறுத்தியும் வளைத்துப் பிடித்தும் கொண்டுசென்றனர். அப்படியானால், ஒரு நாவலாசிரியன் தன் கதைமாந்தனை எவ்வழியாக இரயிலில் ஏற்றுகிறான்? பசியா, ஏமாற்றா, பலவந்தமா? தோட்டத்துக் கிராணிக்கும் கங்காணிக்கும் அதில் என்ன பங்கு தருகிறான்? பழியை அயலான்மேல் மட்டும் சுமத்துகிறானா, நம்மவர்மேலும் சுமத்துகிறானா? இரண்டு நாவல்களும் இக்கேள்விக்கு ஒரே விடை தருகின்றனவா?

இறுதியில் தலைப்பு இவ்வாறு அமைந்தது: 'சயாம் மரண ரயில், நினைவுச்சின்னம் ஆகிய நாவல்களில் தோட்ட மக்கள் கொண்டுசெல்லப்பட்ட முறையும் பொறுப்பேற்பும்.' கேட்பதற்குக் கம்பீரம் குறைவுதான். ஆனால், இத்தலைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நாவலைத் திறந்தால் எந்தப் பக்கத்தில் நின்று குறிப்பெடுக்க வேண்டும் என்பது தெரியும். விடையும் முன்கூட்டியே தெரியாது. முன்கூட்டியே விடை தெரிந்த தலைப்பு ஆய்வுத் தலைப்பாகாது. அவ்வாசிரியை தம் பாட்டியாரிடமும் உறவினரிடமும் கேட்டு வருவதாகச் சொல்லிச் சென்றார். என் தலைப்பு என்னை அனுப்பத் தவறிய இடத்துக்கு அவர் தலைப்பு அவரை அனுப்பியது.

ஆண்டுகளை வெட்டும் முறை

எல்லையைக் குறுக்கச் சொன்னால் பலரும் முதலில் கைவைப்பது ஆண்டுகளில். '1970 முதல் 1980 வரை' என்று எழுதிவிட்டால் எல்லை வகுத்தாயிற்று என்பது அவர்தம் எண்ணம். ஏன் 1970? ஏன் 1980? பத்து என்பது முழு எண் என்பதைத் தவிர வேறு காரணம் இராது. பத்தாண்டு முடிகிறது என்பதற்காக வாழ்க்கை திரும்புவதில்லை.

தோட்டத் துண்டாடலைப் பற்றிய சிறுகதைகளை ஒருவர் ஆராய்வதாகக் கொள்வோம். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளிலிருந்து ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோயின. இதற்கு ஒரு மாற்றாகத் தோட்டங்களைத் தொழிலாளரே வாங்கவேண்டும் என்னும் நோக்குடன், பின்னாளில் துன் பட்டம் பெற்ற வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். 1969இல் குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்னும் நிலை வந்து, பலர் தமிழகம் திரும்பினர். ஆகவே, இப்பொருளை ஆராய்வோர் 1957இல் தொடங்கி 1969இல் முடித்தால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் காரணம் காட்டலாம். '1970 முதல் 1980 வரை' என்று வெட்டுபவரோ, நிகழ்ச்சியின் நடுப்பகுதியைத் தவறவிட்டு அதன் எதிரொலியை மட்டுமே கேட்பார். எதிரொலியையே ஆராய விரும்பினால் அதுவும் நல்ல பொருள்தான். அதனைச் சொல்லிவிட்டு ஆராய்தல் வேண்டும்.

இரு நாட்டு இலக்கியத்தையும் சேர்த்துப் பேசுவோர்க்கு மற்றோர் எச்சரிக்கை உண்டு. 1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. அதற்கு முன்னர் எழுதியவரை 'மலேசிய எழுத்தாளர்' என்றோ 'சிங்கப்பூர் எழுத்தாளர்' என்றோ பிரிப்பது எளிதன்று. கோலாலம்பூரில் வாழ்ந்தவர் சிங்கப்பூர் இதழில் எழுதினார். சிங்கப்பூரில் வாழ்ந்தவரை இங்குள்ளோர் படித்தனர். தலைப்பில் 'மலேசிய' என்னும் சொல்லை இடுமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

மிகக் குறுகிய தலைப்பு

விரிவு மட்டுமே குற்றம் என்று கருதிவிடலாகாது. எல்லையைப் பொருத்துதல் என்பது குறுக்குதல் மட்டுமன்று, தேவையாயின் விரித்தலுமாகும். ஒருவர் ஒரே சிறுகதையை எடுத்துக்கொண்டு அதிலுள்ள உவமைகளை ஆராய்ந்தார். உவமைகளை எண்ணினார்; வகைப்படுத்தினார்; பட்டியலிட்டார். 'ஆசிரியர் உவமைகளைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார்' என்று முடித்தார். இங்குத் தலைப்பு சிறியது. கேள்வி இல்லாமையோ முன்னவற்றைப் போன்றதே.

இதனை எவ்வாறு திருத்தலாம்? உவமைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்கலாம். தாமரை, மான், அன்னம் என நூல்வழி வந்த உவமைகள் சில. பால்வாளி, உளி, மங்கு, வெள்ளிப் பனி படர்ந்த நிரை என்று தோட்டத்தின் கண்முன் இருந்து எழுந்தவை சில. ஓர் எழுத்தாளர் தோட்டத்தைப் பற்றி எழுதும்போது எதை எங்கே பயன்படுத்துகிறார்? காதற் காட்சிக்கு நூலுவமையும் வேலைக் காட்சிக்குத் தோட்டத்து உவமையும் வருகின்றனவா? இதற்கு ஒரு கதை போதாது. அவ்வெழுத்தாளரின் ஒரு தொகுப்பு முழுவதும் வேண்டும். அவர் காலத்தவர் ஒருவருடைய தொகுப்பும் வேண்டும். ஆக, தலைப்பு விரிந்தது. விரிந்ததற்குக் காரணமும் இருந்தது. கேள்வி எவ்வளவு இடம் கேட்கிறதோ அவ்வளவு இடம் தருவதே முறை.

முடிவுரையும் குறுகுதல் வேண்டும்

தலைப்பைக் குறுக்கியவர்கூட ஒன்றை மறந்துவிடுகின்றனர். பள்ளிகளில் நிகழும் செயலாய்வுகளில் இக்குறை மிகுதி. 'தமிழ்ப்பள்ளி மாணவர்களின் எழுத்துப்பிழைகள்' என்று தொடங்கும் ஆசிரியர், பின்னர் அதனை 'நான்காம் ஆண்டு மாணவர் பன்னிருவரிடையே லகர, ழகர, ளகர மயக்கம்' என்று நன்கு குறுக்கிக்கொள்கிறார். பாராட்டத்தக்கது. ஆனால், முடிவுரையில், 'இதனால் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஒலிப்புப் பயிற்சியின்மையாலேயே பிழை செய்கின்றனர் என்பது உறுதியாகிறது' என்று எழுதிவிடுகிறார். பன்னிரு பிள்ளைகள் நாடு முழுவதும் பரவிவிட்டனர்! தலைப்பு சிறுத்தது, முடிவு சிறுக்கவில்லை. வாசலைச் சிறிதாக வைத்துவிட்டு, அதன் வழியே யானையை வெளியே அழைத்துவர முயல்வது போன்றது இது.

பன்னிரு பிள்ளைகளைப் பற்றி உண்மையாகச் சொல்வதே பெரும்பணி. எந்தச் சொற்களில் மயக்கம் நேர்கிறது? சொல்லெழுதும்போதா, கட்டுரை எழுதும்போதா? வாய்விட்டுப் படிக்கும்போது சரியாக ஒலிக்கும் பிள்ளையும் எழுதும்போது தவறுகிறதா? அவ்வாறாயின் ஒலிப்புப் பயிற்சி மட்டும் மருந்தாகாது அன்றோ? இப்படி எழுதப்பட்ட ஏடு அடுத்த பள்ளியில் உள்ள ஆசிரியருக்குப் பயன்படும். அவர் தம் வகுப்பில் செய்து பார்ப்பார். இருபது பள்ளிகளில் அவ்வாறு நிகழ்ந்தால் அதன்பின் நாடு முழுவதற்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம்.

நேர்மை பற்றியும் ஒரு சொல். ஆய்வின் நடுவில் எல்லையை மாற்றலாமா என்று மாணவர் கேட்பதுண்டு. மாற்றலாம், பெரும்பாலும் மாற்றியே ஆகவேண்டியிருக்கும். தேடிய இதழ்கள் கிடைக்காமற் போகலாம்; எதிர்பாராத சான்று கிடைக்கலாம். ஆனால், சான்று கிடைக்காமையால் எல்லையை மாற்றுவது வேறு. கிடைத்த சான்று தம் கருத்துக்கு மாறாக உள்ளதால் அதனை எல்லைக்கு வெளியே தள்ளுவது வேறு. முன்னது திருத்தம், பின்னது மறைத்தல். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒன்றே: எல்லையை ஏன் மாற்றினேன் என்று முன்னுரையில் வெளிப்படையாக எழுதுதல். அதனை எழுதக் கூசுகிறது என்றால், அம்மாற்றத்தைச் செய்யாதிருப்பதே நலம்.

ஒரு மறுப்பும் விடையும்

'எல்லாரும் சிறுசிறு பொருள்களையே ஆராய்ந்துகொண்டிருந்தால் முழு உருவத்தைக் காட்டுவார் யார்?' என்று சான்றோர் சிலர் வினவலாம். நியாயமான வினா. முதன்முதலில் இலக்கிய வரலாறு எழுதிய முன்னோர்க்கு விரிந்த தலைப்பே தேவைப்பட்டது. காட்டில் வழியே இல்லாதபோது முதலில் வேண்டுவது வழி. அவர்தம் தொண்டுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆயினும், போட்ட வழியிலேயே திரும்பத் திரும்ப நடந்துவிட்டு, புதுவழி கண்டதாகச் சொல்லிக்கொள்வது தகாது.

பெரிய பணிக்கும் எல்லை உண்டு என்பதையும் மறக்கலாகாது. முரசு நெடுமாறன் தொகுத்து 1997இல் வெளிவந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' மிகப் பெரியதொரு தொகுப்பு. அதற்கும் 1887 முதல் 1987 வரை என்னும் நூற்றாண்டு எல்லை உண்டு. கவிதை என்னும் வகை எல்லை உண்டு. பல்லாண்டு உழைப்பும் அதற்குப் பின்னால் உண்டு. ஓராண்டில், வார இறுதிகளில், பள்ளிப் பணிக்கிடையே எழுதும் நம் ஆசிரியர், அத்தகைய பெருந்தலைப்பைத் தம் ஏட்டுக்குச் சூட்டுதல் பொருந்துமா? முழு உருவம் வேண்டும் என்பது உண்மையே. நம்பத்தகுந்த சிறு பகுதிகள் பல சேர்ந்தால்தான் அம்முழு உருவமும் நம்பத்தகுந்ததாக அமையும்.

ஆசிரியர் கடமை

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1924 முதல் வெளிவந்த தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அதன் பழைய இதழ்களில் எழுதியோர் பலர் மறைந்துவிட்டனர். சப்பானியர் ஆட்சியைக் கண்ணால் கண்டோர் இன்று மிகச் சிலரே. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, லயங்கள் இடிந்தன, அங்கு வழங்கிய சொற்களும் மறைந்துவருகின்றன. அதே வேளையில், முன் எப்போதும் இல்லாத வசதியும் இன்று உண்டு. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் தமிழ் முரசின் பழைய இதழ்களை இணையத்தில் தேடும்படி செய்துள்ளது. 1956இல் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வழியாகச் சேர்ந்த நூல்களும் ஏடுகளும் கோலாலம்பூரில் உள்ளன. சான்று இருக்கிறது, தேடச் செய்யும் தலைப்புதான் இல்லை.

ஆதலின், வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் தலைப்புடன் வரும்போது 'பெரிது, சுருக்கு' என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். உடன் அமர்ந்து நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்த இடம்? எந்தக் காலம்? எந்தச் சான்று? என்ன கேள்வி? முதல் மூன்றுக்கும் விடை கிடைத்து நான்காவதற்குக் கிடைக்கவில்லை என்றால் இன்னும் ஒரு கிழமை பொறுங்கள். என் விரிவுரையாளர் அன்று இன்னும் சற்று வற்புறுத்தியிருக்கலாம் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. ஆயினும், குற்றம் அவருடையதன்று. கேட்ட கேள்வியைக் காதில் வாங்காதவன் நான்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். தலைப்பு சிறியதாக இருப்பதை எண்ணி நாணாதீர்கள். ஒரு தோட்டம், ஓர் இதழ், இரண்டு நூல், ஒரு கேள்வி என்று தொடங்குங்கள். உங்கள் ஏட்டை ஒருவர் புரட்டி, 'இதில் உங்களுடைய பக்கம் எது?' என்று கேட்டால், தயங்காமல் விரல் வைத்துக் காட்ட ஒரு பக்கமேனும் அதில் இருக்கட்டும். அந்த ஒரு பக்கத்தை எழுதும் ஆய்வாளர் ஆண்டுக்குப் பத்துப் பேர் நம்மிடையே தோன்றினால், இந்நாட்டுத் தமிழ் ஆய்வு தழைக்கும் என்பது என் துணிபு.